மூன்றாவது இறக்கை

மின்விசிறிக்கு மூன்றாவது இறக்கை செய்யப் பலாப்பலகை போதவில்லை. அப்பா உயிரை விட்ட பெஞ்சிலிருந்து ஒரு துண்டை அறுத்துக்கொண்டான் தணிகைவேல். மற்ற இரண்டும் மஞ்சள். அது மட்டும் கறுப்பு. மாட்டிய அன்று விசிறி சத்தமே இல்லாமல் சுற்றியது. நிறுத்தியபோது கறுப்பு இறக்கை, விருந்துக்கு வந்து பாயில் படுத்திருந்த சித்தப்பாவின் தலைக்கு நேராக நின்றது. ஊர் திரும்பிய சித்தப்பா மறுநாளே இறந்துபோனார்.

“அதைக் கழட்டிடுங்க” என்றாள் மனைவி பூங்கோதை.

“அவருக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி. எங்கப்பா மேல பழி போடாத. ஒரு பக்கம் கனம் கூடியிருக்கும், அதான் அங்க வந்து நிக்குது.”

“தராசுல வச்சு மூணும் சமம்னு பீத்திக்கிட்டது யாரு?”

அன்றிலிருந்து சுவிட்சில் யாரையும் அவள் கைவைக்க விடவில்லை. விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.

ஞாயிறு மதியம் கரண்ட் போனது. கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் மகள் ஆதிரை தூங்கிக்கொண்டிருந்தாள். இறக்கைகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன.

“பாரேன், சுவரைப் பாத்து நிக்கும்” என்று சிரித்தான் தணிகைவேல்.

கறுப்பு இறக்கை பூங்கோதையைக் கடந்து, ஆதிரையை நெருங்கும்போது தயங்கியது. அவன் சட்டென்று மகளை அள்ளித் தன் இடத்தில் கிடத்திவிட்டு, அவள் பாயில் மல்லாந்து படுத்தான். இறக்கை அவன் நெற்றிக்கு மேலே வந்தது. நிற்கவில்லை. மகளைக் கிடத்தியிருந்த பக்கமாக, மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.