ஒரே அளவில் இரண்டு ஆமைகள்

"அக்கா வீட்டுத் தொட்டியைவிட ஒரு சாணாவது பெருசா இருக்கணும். அதுக்குக் குறைஞ்சு எதையும் என்கிட்ட காட்டாதீங்க" என்றாள் இளையவள்.

கண்ணாடித் தொட்டிக் கடையில் விலையைக் கேட்டதுமே அவள் கணவன் வாசலுக்கு நடந்துவிட்டான். "இந்தக் காசைக் கொடுத்தா நாமளே உள்ள குடியிருக்கலாம். ஒரு ஆமைக்கா இவ்வளவு?"

"உங்களுக்கென்ன தெரியும்? தொட்டி பெருசா இருந்தாத்தான் ஆமையும் பெருசா வளருமாம்."

"அப்போ உனக்குப் பெரிய வீடு கட்டினா..."

அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டான்.

விஷயம் இதுதான். மூன்று வருடம் முன்பு, கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போவதற்குச் சில நாள் முன்னால், அப்பா தன் மகள்கள் இருவருக்கும் ஆளுக்கொரு ஆமைக் குஞ்சு வாங்கித் தந்தார். "ரெண்டும் ஒரே அளவு. அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். இதுலயாவது போட்டி போடாதீங்கடி" என்றார். அவருக்குத் தன் மகள்களைத் தெரியும்.

அப்பா போய் இரண்டே மாதத்தில் அக்காவின் ஆமை முந்திவிட்டது. இப்போது அது சாப்பாட்டுத் தட்டு அளவு. இவளுடையது உள்ளங்கையைத் தாண்டவில்லை. மார்க், தலைமுடி, மாப்பிள்ளையின் சம்பளம் என்று எல்லாவற்றிலும் முந்திய அக்கா, அப்பா தந்ததிலுமா முந்த வேண்டும்? அங்கே போய்வரும் ஒவ்வொரு முறையும் வயிறு எரிந்தது. ஒரு நாள் அந்த ஆமையைத் தூக்கிப் பார்க்கக் கையை நீட்டினாள். "தொடாதே, கடிச்சிடும்!" என்று அக்கா பதறிக்கொண்டு வந்து தடுத்தாள். இவள் தொட்டால் தேய்ந்துவிடுமாம்!

கடைசியில் பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது. மீன் சந்தையில் ஐஸ் கொட்டி மீன் அடுக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி. ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம். தண்ணீரைத் திறந்துவிட அடியில் ஓட்டையும் அடைப்பானும் இருந்தன.

"மூடி உடைஞ்சு போச்சும்மா. அதான் பாதி விலை" என்றார் கடைக்காரர்.

"ஆமைக்கு எதுக்குங்க மூடி?" கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். அக்கா வீட்டுத் தொட்டியின் நீளத்தை அதில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தாள். பெட்டி அந்தக் கோட்டைத் தாண்டி இரண்டு சாண் போனது. அவள் பேரம்கூடப் பேசவில்லை.

மீன் வாடை போக மூன்று நாள் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் நிரப்பி, ஆமை ஏறி வெயில் காய மூலையில் செங்கல் அடுக்கினாள். பிறகு அக்காவுக்கு போன் போட்டாள். "ஞாயித்துக்கிழமை வாக்கா. ஒண்ணு காட்டணும்."

அக்கா வந்தாள். அவள் முகம் எப்போது வாடும் என்று இளையவள் காத்திருந்தாள். வாடத்தான் செய்தது. ஆனால் அக்கா தொட்டியின் பக்கமே திரும்பவில்லை. குனிந்து ஆமையை மெல்ல எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இனிமே பாருக்கா, உன்னோடதைத் தாண்டிடும்" என்றாள் இளையவள், குரலில் துள்ளலை மறைக்காமல்.

"உன்மேல எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமாடி?"

"ஒரு மீன் பெட்டிக்கா?"

அக்காவின் குரல் உடைந்தது. "என்னோட குஞ்சு அப்பா போன மறுவாரமே செத்துப்போச்சு. உன்கிட்ட சொல்ல வாய் வரல. நீ வர்றதுக்குள்ள அதே அளவுல ஒண்ணு தேடினேன், கொஞ்சம் பெருசாத்தான் கிடைச்சுது. அப்பா தந்ததுன்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்டி!"