பதில் வரும்வரை

கஞ்சி டம்ளரைத் தள்ளிவிடக்கூட ஜெபகனியின் கையில் தெம்பில்லை. உதட்டை மட்டும் இறுக்கிக்கொண்டாள்.

இன்றோடு பன்னிரண்டு நாள். வெறும் தண்ணீர். அதுவும் தூத்துக்குடித் தண்ணீர், வாயில் வைத்தால் கரிக்கும்.

காலையில் வந்த டாக்டரம்மா நாடி பிடித்துப் பார்த்துவிட்டு வராந்தாவுக்குப் போய்த்தான் வார்டனம்மாவிடம் பேசினார். பொழுது சாய்வதற்குள் வயிற்றுக்குள் ஏதாவது போகாவிட்டால் தன்னைக் குற்றம் சொல்லக் கூடாது என்றார். மெதுவாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் கேட்டது.

விடுதியில் சீக்குப் பிள்ளைகளைப் படுக்கவைக்கும் அறை அது. பயிற்சிக் கல்லூரியின் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் மொத்தமும் கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்றது. தலைமாட்டில், எல்லாருக்கும் நடுவில், ஜெயபாய். அந்த இடம் அவளுடையது என்று யாரும் சொல்லாமலே ஆகிவிட்டிருந்தது.

ஜெபகனி பட்டினி கிடப்பதே ஜெயபாயின் அண்ணனுக்காகத்தானே.

சாத்தான்குளத்திலிருந்து தகரப்பெட்டியோடு வந்து இறங்கிய முதல் ஆறு மாதம் ஜெயபாயை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. சாப்பாட்டு மேசையில் அவள் பக்கத்து இடம்தான் கடைசியாக நிரம்பும். ஒரு வெள்ளிக்கிழமை, விண்ணப்பம் இருக்கிறவர்கள் சொல்லலாம் என்றபோது தட்டுத்தடுமாறி எழுந்து நின்றாள். ரங்கூனுக்குக் குமாஸ்தா வேலைக்குப் போன அண்ணன் அற்புதமணியிடமிருந்து, ஜப்பான்காரன் குண்டு போட்ட நாள்முதல் கடிதம் இல்லை, சண்டை முடிந்தும் தகவல் இல்லை என்றாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஜெபகனிதான் முதலில் வந்து தலையில் கை வைத்தாள். அப்புறம் தோளில், முதுகில், எங்கெங்கோ கைகள். பிறந்ததிலிருந்து ஜெயபாய்மேல் அத்தனை கை பட்டதில்லை. விடுதிக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

கொஞ்ச நாளில் ஜெபகனி பொருத்தனை பண்ணினாள். அண்ணனைப் பற்றிப் பதில் வரும்வரை அன்ன ஆகாரம் தொடுவதில்லை. மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டை விட்டார்கள். ஜெயபாய் பெருமை தாங்காமல் அன்றைக்கே அம்மாவுக்கு எழுதிப்போட்டாள்.

ஜெபக்கூட்டத்து அன்புக்கும் ஒரு வரிசை உண்டு. ஜெயபாய்க்கு முன்னால் அந்த நடு இடம் அன்னபாக்கியத்துடையது. அவள் அம்மாவுக்குக் காசநோய். நாலு மாதம் அவளைக் கட்டிப்பிடித்து அழுது ஜெபித்தார்கள். அம்மா பிழைத்துக்கொண்டாள். ஒரு ஸ்தோத்திரப் பாட்டு பாடினார்கள், அவ்வளவுதான். இப்போது வாசலோரம் கடைசி ஆளாக நின்றாள் அன்னபாக்கியம். அவள் தோளில் யார் கையும் இல்லை.

"ஒரு மடக்கு குடி, தாயி. ஆண்டவரு கோவிச்சுக்கிட மாட்டாரு," என்று வார்டனம்மா டம்ளரை மறுபடி உதட்டருகே கொண்டுபோனார். ஜெபகனி அசையவில்லை.

சங்கீதம் வாசிக்கலாமென்று யாரோ ஜெயபாயின் வேதாகமத்துக்குக் கை நீட்டினார்கள். தாள் கிழிந்திருக்கிறது என்று சொல்லி அவள் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். வேறொருத்தியின் வேதாகமம் கைமாறி வந்தது.

வாசித்து முடித்ததும் ஜெபகனி கண்ணைத் திறந்தாள். பார்வையால் ஜெயபாயைத் தேடிப் பிடித்தாள்.

"ஏளா ஜெயா, அண்ணன் காயிதம் வந்துதா?"

துறைமுகத்தில் தோணிக்காரர்கள் கூப்பிட்டுக்கொள்ளும் சத்தம் ஜன்னல்வழியே கேட்டது. அறையில் எல்லா முகமும் ஜெயபாய் பக்கம் திரும்பியது. அன்னபாக்கியமும் பார்த்தாள். பொய்யாகவாவது ஆமென்று சொல்லித் தொலையேன் என்று வார்டனம்மா கண்ணாலேயே கெஞ்சினார்.

"இன்னும் வரலக்கா," என்றாள் ஜெயபாய்.

ஜெபகனி சிரிக்கப் பார்த்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். வார்டனம்மா டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

ஜெயபாய் வாய்விட்டு அழுதாள். ஜெபகனிமேல் அவளுக்கு இருந்த பிரியம் நிஜம். அழுகையும் நிஜம்தான். உயிர் போகிற நேரத்திலும் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று யாரோ முணுமுணுத்தார்கள். தலையில் ஒரு கை வந்தது. தோளில் இரண்டு. முதுகில் இன்னொன்று. கதகதப்பாக இருந்தது.

வேதாகமத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள். சங்கீதத்துக்கும் நீதிமொழிகளுக்கும் நடுவே அம்மாவின் தபால் கார்டு இருந்தது. வந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு காலையும் எழுந்திருப்பாள். சாயங்காலம் கைகள் வந்து தொட்டதும் நாளைக்கு என்று ஆகிவிடும். இனிமேல் சொன்னால் கார்டை எல்லாரும் வாங்கிப் பார்ப்பார்கள். முத்திரையில் தேதி இருக்கிறது.

‘அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. உன் அண்ணன் சுகமாய் வீடு வந்து சேர்ந்தான். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இந்தக் கார்டு கிடைத்த உடனே அந்த ஜெபகனியிடம் போய்ச் சொல்லிவிடு. பாவம், யார் பெற்ற பிள்ளையோ, இன்னொரு நேரம் பட்டினி கிடக்க வேண்டாம்.’