ஒன்பது விபத்து, ஒரே பெயர்

“இந்தத் தடவையும் விபத்துப் புத்தகத்துல நம்ம பிளாஸ்திரி அண்ணன் பேருதானாம். அப்பாடா, போன உயிர் திரும்பி வந்துச்சு எனக்கு.”

கழிப்பறைக்கு வெளியே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள். உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு மனிதருக்கு அடிபட்டதில் இப்படி ஒரு நிம்மதியா?

தொழிற்சாலைகளில் பாதுகாப்பு விதிகளைச் சரிபார்த்து அறிக்கை தருவது அவள் வேலை. ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு நாளை அரசு இன்ஸ்பெக்டர் வருகிறார்.

கீழ்க்கூடத்தைப் பார்த்த கண்ணாடிச் சுவர் வைத்த மாடி அறையில் மேனேஜர் விபத்துப் பதிவேட்டை அவள் முன் தள்ளினார்.

“எட்டு மாசத்துல ஒன்பது விபத்து. ஒன்பதும் ஒரே ஆளு. பிளாஸ்திரின்னு பேரே வெச்சுட்டோம். நானா வீட்டுக்கு அனுப்பினா யூனியன் பிடிச்சுக்கும். நிபுணர் நீங்க சொன்னா கதையே வேற.”

கடிதம் தயாராக இருந்தது. ‘இவர் இயந்திரப் பணிக்குத் தகுதியற்றவர். உடனே விடுவிக்கப் பரிந்துரைக்கிறேன்.’ கீழே அவள் கையெழுத்துக்கு இடம்.

காலையில் அவளுடைய முதலாளி போனில் சொன்னது காதிலேயே நின்றது. “கிளையண்ட் மனசு கோணக் கூடாதும்மா. உனக்கு முன்னாடி இருந்தவ ஏன் போனான்னு தெரியும்ல?”

“அவரை ஒரு தடவை பார்த்துட்டு...” என்று இழுத்தாள்.

“தாராளமா பாருங்க. கை மட்டும் பத்திரம். ஒட்டுவாரொட்டியா இருக்கப் போகுது.” மேனேஜர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

கீழே இரண்டாம் எண் வெட்டு இயந்திரம். ‘தட்’ என்று கத்தி இறங்கும்போதெல்லாம் அவள் தோள் துள்ளியது. கத்திக்கு முன்னால் இறங்க வேண்டிய தடுப்புக் கம்பி பாதியிலேயே சிக்கிச் சிக்கி நின்றது. ஒரு பெண் வலது கையால் மட்டும் அட்டையைத் தள்ளினாள். இடது கை கோட்டுப் பையிலேயே இருந்தது.

பக்கத்தில் நின்ற ஐம்பது வயதுக்காரரின் கட்டைவிரலில் பிளாஸ்திரி.

“நீங்கதானே அந்த...”

“பிளாஸ்திரி. கூச்சப்படாம சொல்லும்மா. இப்ப வீட்லகூட அப்படித்தான் கூப்பிடறாங்க.”

“நேத்து மூணு தையல்னு எழுதியிருக்கே. இப்படி நனைஞ்சிருந்தா சீழ் பிடிச்சுடும். காட்டுங்க, வேற போட்டு விடறேன்.”

அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சிரிப்பு போய்விட்டது. “வேண்டாம்மா. இருக்கட்டும்.”

“வலிக்காம எடுக்கறேண்ணே.”

எடுத்தாள். கீழே ஈரத்தில் வெளுத்துச் சுருங்கிய தோல். காயம் இல்லை. இன்னொரு கையையும் பார்த்தாள். பத்து விரலிலும் ஒரு கீறல் இல்லை.

“மேலே பார்க்காத. கண்ணாடி வழியா தெரியும்.” அவர் உதடு அசையாமல் பேசினார். “மருந்து போடற மாதிரியே நில்லு.”

அவள் புதுப் பிளாஸ்திரியைப் பிரித்தாள். “அப்ப அடி யாருக்கு?”

வலது கையால் அட்டை தள்ளிக்கொண்டிருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்திருந்தவள் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“இதுங்க எல்லாம் தினக்கூலிம்மா. அந்தப் புத்தகத்துல ஒரு தடவை பேரு ஏறினா, மறுநாள் கேட்ல கார்டு இருக்காது, வேலை போச்சு. நான் பெர்மனென்ட். என்னை அவ்வளவு லேசுல தூக்க முடியாது.”

“எழுதாமலே விட்டிருக்கலாமே?”

“எழுதலைன்னா மெஷின் நல்லா இருக்குன்னு ஆயிடுமே. எழுதி வெச்சா என்னிக்காவது ஒருத்தர் படிப்பாங்க. நீ படிச்சியா?”

படித்திருந்தாள். ‘எடுத்த நடவடிக்கை’ என்ற கட்டத்தில் ஒன்பது முறையும் மேனேஜர் கையெழுத்தில் ஒரே வரி. ‘கவனமாக இருக்கும்படி எச்சரிக்கப்பட்டார்.’

“மேலே லெட்டர் அடிச்சு வெச்சிருக்காங்கன்னு தெரியும். என் சங்கதி எப்படியோ போகட்டும். இதுங்க பேரை மட்டும் சொல்லிடாத தாயி.”

மாடியில் மேனேஜர் கண்ணாடியைத் தட்டி, வா என்று சைகை காட்டினார். கையில் அந்தக் கடிதம்.

உண்மையைச் சொன்னால் இந்தப் பெண்களுக்கு வேலை போகும். கையெழுத்துப் போட்டால் இவருக்குப் போகும்.

‘தட்.’ அந்தப் பெண்ணின் கை கத்திக்கு ஒரு விரல்கடை இப்பால் தப்பியது.

அவள் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

கூடம் முழுவதும் சத்தம் அடங்கியது. அடுத்த நொடியே இரும்புப் படிகளில் ஷூ சத்தம் கேட்டது.

“யார்டா அது மெஷினை நிறுத்தினது?”

எல்லாத் தலைகளும் குனிந்தன. பிளாஸ்திரி ஒரு அடி முன்னால் வந்தார். “நான்தான் சார். கை தவறி...”

அவள் பைக்குள் கையை விட்டாள். பயிற்சி வகுப்பில் காட்டுவதற்கென்று நிறுவனம் கொடுத்திருந்த, பூட்டியவரைத் தவிர யாரும் திறக்கக் கூடாத சிவப்புப் பூட்டு கையில் தட்டுப்பட்டது. மெயின் சுவிட்சில் அதை மாட்டிப் பூட்டினாள். ‘ஆபத்து. இயக்கக் கூடாது’ என்ற அட்டையை அதில் தொங்கவிட்டாள்.

மேனேஜர் கடைசிப் படிக்கு வந்துவிட்டார்.

அட்டையில் ‘பூட்டியவர் பெயர்’ என்று இருந்த இடத்தில், இன்ஷியலோடு தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.