யாரு தோலு?

"திருட்டா? பாத்துப் பேசுங்க மிருதங்கம் சார்!" மேடைக்குப் பின்னாடி ரிதம் பேட் கத்துச்சு. "உங்க 'தோம்' சத்தத்த ஒரே ஒரு தடவ பதிவு பண்ணேன். அத மெதுவாக்கி, மழைச் சத்தத்தோட கலந்து, புதுசா ஒரு தாளம் செஞ்சேன். உங்க 'தோம்' இன்னும் உங்ககிட்டயேதான இருக்கு? அதுக்குப் போயி இன்னிக்குக் கச்சேரியில என்னை ஏத்தக் கூடாதுங்கிறீங்க!"

தோரணத்து மாவிலைய மென்னுக்கிட்டிருந்த ஆடு திரும்பிப் பாத்துச்சு.

"அக்கா, நீயும் வந்து கேளு. சார், எல்லாமே உங்க சொந்தச் சரக்குன்னா, மூஞ்சியில இழுத்துக் கட்டியிருக்கீங்களே, அந்தத் தோலு யாரோடது? இவங்க சொந்தக்காரங்ககிட்ட கேட்டா எடுத்தீங்க? அவங்ககிட்ட அது இன்னும் இருக்கா? மைக்கு போட்டாச்சு. மேடைக்கு வந்து, இந்தக்கா மூஞ்சியப் பாத்து, எல்லாருக்கும் கேக்குற மாதிரி பதில் சொல்லுங்க!"