பூத்த பக்கம்

"பெத்த பொண்ணு விழுந்த இடத்தை ஒரு தடவை காட்டறதுல உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?"

மனைவி இப்படிக் கேட்பது கணக்கு வாத்தியாருக்குப் பழகிப் போனதுதான். சாக்கும் தயாராக இருக்கும். பரீட்சைப் பேப்பர், முழங்கால் வலி, ரோடு சரியில்லை. இந்தத் தடவை எதுவும் எடுபடவில்லை. அவளே வேன் பேசிவிட்டு வந்து நின்றாள்.

"புள்ளைக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன். கல்நெஞ்சு," என்று மைத்துனி அவர் காதுபடவே சொன்னாள்.

அவர் பயம் அவருக்கு. போன வசந்தத்தில், காட்டுப் பூக்களைப் படம் எடுக்க வனக் காப்பகத்துக்குப் போன மகள் பாறைப் பள்ளத்தில் விழுந்தாள். அடையாளம் காட்டப் போனது அவர் மட்டும்தான். அந்தக் கோலத்தை எந்தத் தாயிடம் சொல்ல முடியும்?

"மேட்டுல கால் தடுக்கிடுச்சும்மா. பூவுக்கு நடுவுல, தூங்கற மாதிரி படுத்திருக்கா," என்று அங்கிருந்தே மனைவிக்குப் போனில் சொன்னார்.

பொய் சொன்னால் காது மடல் சிவந்துவிடுகிற ஆள். போனில் காது தெரியாதது நல்லதாகப் போயிற்று. அழ ஆரம்பித்தால் உண்மையையும் உளறிவிடுவோம் என்று அன்றிலிருந்து அழவும் இல்லை.

இன்று எல்லாம் அம்பலமாகப் போகிறது.

காப்பக வாசலில் அதே காவலர். அன்று பள்ளத்தில் இறங்கி மகளைத் தூக்கி வந்தவர். வெளி விதை எதுவும் உள்ளே போய்விடக் கூடாதென்று வருகிறவர்களின் செருப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தனியாக இழுத்து ஒரு வார்த்தை சொல்லிவிட வாத்தியார் தவித்தார். மனைவி பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

"வாங்க," என்று காவலர் முன்னால் நடந்தார்.

பாதை பிரியும் இடம் வந்தது. இடது பக்கம் பள்ளம்.

காவலர் வலது பக்கம் திரும்பினார்.

மேடு முழுக்க மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்துக் கிடந்தது. பாதையை விட்டு யாரையும் இறங்க விடாத மனிதர், தானே இறங்கிப்போய் ஓர் இடத்தைக் காட்டினார்.

"இங்கதாம்மா. தூங்கற மாதிரிதான் இருந்துச்சு பாப்பா."

அவள் உட்கார்ந்தாள். ஒரு பூவைக்கூடப் பறிக்கவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தடவுவதுபோல் தடவிக் கொடுத்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியேதாங்க இருக்கு."

அவ்வளவுதான். வாத்தியார் உடைந்து போனார். சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். அவளும் அழுதுகொண்டே அவர் முதுகை நீவிவிட்டாள்.

அவள் வேனில் ஏறியதும் அவர் திரும்பி வந்து காவலரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெரிய உதவி பண்ணிட்டீங்க. நான் அவகிட்ட சொன்ன பொய் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

காவலர் வேன் பக்கம் பார்த்தார். தயங்கினார்.

"சொல்லக் கூடாதுன்னாங்க சார். மனசு கேக்கல. போன வாரம் அம்மா போன் பண்ணாங்க. 'ரத்தமாக் கிடந்த அவ துணியைத் துவைச்சது நான்தான், எனக்கு அன்னைக்கே தெரியும். எனக்காக ஒரு பொய்யைச் சொல்லிட்டு அந்த மனுஷன் அழக்கூட முடியாம கிடக்கறாரு. பூத்த பக்கமாக் கூட்டிட்டுப் போங்க, அவரு ஒரு தடவை அழட்டும்'னாங்க."