காலடிச் சத்தம் தெரியாதோ?

“கை நடுங்கினாலும் குறி தப்பாது மச்சான்! இது ஒற்றை ரவை இல்லை. உள்ளுக்கை முழுக்கச் சன்னம், சின்னச் சின்ன ஈய உருண்டை. வெடிச்ச உடனை பரவிப் போய்ப் படும். பக்கத்து வீட்டுச் சுவரையும் துளைக்காது.”

சில்வெஸ்டர் அண்ணை சாப்பாட்டு மேசையிலை ஒரு தோட்டாவை நிமிர்த்தி வைச்சார். பக்கத்திலை ரிவோல்வர். எதிரிலை இருந்த சிநேகிதன் ஸ்ரனிஸ்லாஸ் இடியப்பத்தைக் குழைக்கிறதை விட்டிட்டு வாயைப் பிளந்தான்.

ஜேர்மனியிலை, டுசல்டோர்ஃபிலை அவையின்ரை தெருவிலை அந்த மாசம் மட்டும் கள்ளர் மூண்டு வீடு உடைச்சுப் போட்டாங்கள். அண்ணை சும்மா இருப்பாரோ? பங்குக் கோவிலோடை ஒட்டின சுடுகிற சங்கத்திலை பதினொரு வருச உறுப்பினர். பெருநாள் ஊர்வலத்திலை பச்சைச் சட்டை போட்டு முன்னுக்குப் போற ஒரே தமிழன். லைசென்ஸ் எல்லாம் சுத்தம். சட்டப்படி துவக்கு இரும்புப் பெட்டிக்குள்ளை வெறுமையாய்க் கிடக்கோணும். போன கிழமை வரைக்கும் கிடந்ததுதான். இப்ப ஆறு சன்னத் தோட்டாவோடை கட்டில் தலைமாட்டிலை கிடக்குது.

அவரின்ரை மனிசி டொறத்தி அக்கா சொதிச் சட்டியை டங்கெண்டு வைச்சா.

“சாப்பிடுற இடத்திலை இருந்து அந்தச் சனியனை எடுங்கோ.”

“இவவுக்குத் துவக்கெண்டாலே ஆகாது மச்சான். பாவம், அவவிலையும் பிழை சொல்ல ஏலாது. மன்னாரிலை ஆமி அடிச்ச ஷெல் துண்டு இண்டைக்கும் இடது தோளுக்குள்ளை கிடக்கு. அப்பிடிப் பட்டவவுக்கு நான் காவல் இல்லாட்டி வேறை ஆர் காவல்?”

இந்த ஷெல் கதையை அண்ணை சங்கத்திலை எத்தனை தரம் சொல்லியிருப்பாரெண்டு கணக்கில்லை. சொல்லுற நேரமெல்லாம் வெள்ளைக்காரர் பியரைக் கீழை வைச்சிட்டு அவருக்குத் தோள் தட்டுவினம்.

அக்கா போகேல்லை. அப்பிடியே நிண்டா.

“எங்கடை மகள் பிறின்சி வீட்டுத் திறப்பை மறந்தால் நிலக்கீழ் கெலர் யன்னலாலைதானே ஏறிக் குதிச்சு வாறவள்? பிள்ளையையும் கள்ளனையும் உங்களுக்குப் பிரிச்சறிய ஏலுமோ?”

“என்ரை பிள்ளையின்ரை காலடிச் சத்தம் எனக்குத் தெரியாதோ? நீர் விசர்க்கதை கதையாமல் உள்ளை போம்!”

ஸ்ரனிஸ்லாஸ் சிரிச்சான். அக்கா குசினிக்குள்ளை போயிட்டா. ஆக்களுக்கு முன்னாலை புருசனைக் கொச்சைப்படுத்துறாளே எண்டு அண்ணைக்குச் சுர்ரெண்டு ஏறிச்சு.

செவ்வாய்க்கிழமை காலமை அக்காவுக்கு டொக்டரைப் பாக்க டெர்மின் குடுத்திருந்தினம். தோள் நோவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கோணும். உடம்புக்குள்ளை இரும்பு ஏதும் இருக்கோ எண்டு கேட்டினம். அண்ணை முந்திக்கொண்டு ஷெல் கதையை டொச்சிலை முழுசாய்ச் சொன்னார். அப்ப முதலிலை எக்ஸ்றே எடுப்பம் எண்டிட்டினம்.

டொக்டர் படத்தை வெளிச்சத்திலை பிடிச்சுக் கனநேரம் பாத்தார்.

“ஷெல் துண்டெண்டால் கண்டபடி உடைஞ்சு, ஒண்டு பெரிசு ஒண்டு சின்னனாய் இருக்கும். இது ஏழும் ஒரே அளவு. நல்ல உருண்டை. நான் வேட்டைக்குப் போறவன், எனக்குத் தெரியும். உங்கடை மனிசியை ஆரோ சன்னத்தாலை சுட்டிருக்கினம். ஆரெண்டு கேட்டுச் சொல்லுங்கோ.”

அண்ணை கேக்கேல்லை. அந்த உருண்டையளை அவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சொதிச் சட்டிக்குப் பக்கத்திலை நிமிர்த்தி வைச்சுப் பெருமையடிச்சது அதைத்தானே. அக்கா நிலத்தைப் பாத்தபடி சட்டைப் பொத்தானைப் பூட்டினா.

காருக்குள்ளை ஏறின பிறகுதான் அண்ணை கேட்டார்.

“ஆர் டொறத்தி?”

“அப்பா.”

அண்ணை திறப்பைப் போட்டவர், காரைக் கிளப்பேல்லை.

“எண்பத்தஞ்சிலை. எனக்குப் பதினாறு வயசு. ஊரெல்லாம் கள்ளர் பயம். கோவில்லை பாட்டுப் பழகிப்போட்டுப் பிந்தி வந்தனான். முன்னாலை வந்தால் ஏச்சு விழுமெண்டு பின்வேலியாலை பூந்தன். அப்பா கள்ளனெண்டு நினைச்சுச் சுட்டிட்டார். வீட்டிலை துவக்கிருக்கெண்டு தெரிஞ்சால் ஆமி அவரைக் கொண்டு போயிருக்கும். அதாலை ஷெல் பட்டதெண்டு நான்தான் சொன்னனான். சாகுமட்டும் அந்த மனுசன் என்ரை முகத்தைப் பாத்துக் கதைக்கேல்லை.”

“எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே?”

“ஷெல் கதையையே ஊர் முழுக்கச் சொன்னனீங்கள். அப்பாவின்ரை கதையை விட்டு வைப்பியளோ?”

அண்ணை காரைக் கிளப்பினார்.

வீட்டுக்கு வந்த உடனை அறைக்குள்ளை போய் ரிவோல்வரிலை இருந்த தோட்டாவைக் கழட்டத் தொடங்கினார். இரண்டைக் கழட்டிப்போட்டு மூண்டாவதிலை கை வைக்க, கீழை கெலருக்குள்ளை தொம்மெண்டொரு சத்தம். பிறகு ஆரோ படியாலை ஏறி வாற காலடி.

“ஆரடா கீழை?”

கத்தினபடி அண்ணை ரிவோல்வரைக் கதவுப் பக்கம் நீட்டினார்.

“நான்தான் அப்பா! பள்ளிக்கூடம் வேளைக்கு விட்டிட்டாங்கள். திறப்பை மறந்திட்டன். நீங்கள் இன்னும் டொக்டரிட்டையெண்டு நினைச்சு யன்னலாலை வந்தனான்!” பிறின்சியின்ரை குரல்.

அண்ணை கட்டிலிலை பொத்தெண்டு இருந்தார். டொறத்தி அக்கா கிட்ட வந்து, ரிவோல்வரை அவரின்ரை கையிலை இருந்து மெல்ல வாங்கினா. ஏசேல்லை, அழேல்லை.

“அப்பாவும் இப்பிடித்தான். ‘என்ரை பிள்ளையின்ரை காலடிச் சத்தம் எனக்குத் தெரியாதோ’ எண்டு என்னைச் சுடுறதுக்கு முதல்நாள்தான் அம்மாவோடை சண்டை பிடிச்சவர்.”