தவக்காலம் முடியட்டும்

"எங்க பெரியவரு மலையில இடம் வாங்கிப் போட்டது, காட்டுமாடு படுத்து எந்திரிக்கிறதுக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ரோஸ்மேரியின் காதில் இது விழுந்தது. சொன்னது அவளுடைய ஓரகத்தி ஐரின், கொழுந்தன் மனைவி. கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

ஐரின் சிரிக்கலாம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் கொடைக்கானல் பக்கம் ஒரே சமயத்தில்தான் இடம் வாங்கினார்கள். ஐரினின் இடத்தில் காட்டேஜ் எழும்பி, சனி ஞாயிறுகளில் சென்னைக்காரர்கள் வந்து தங்கிப் போகிறார்கள். ரோஸ்மேரியின் இடத்தில் புல் இருக்கிறது.

காரணம், அவள் கணவர் ஸ்டீபன்ராஜ். பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். வீடு கட்டும் பேச்சை எடுத்தாலே அவருக்குப் பக்தி வந்துவிடும்.

"தவக்காலத்துல போய் யாராவது கடைக்கால் தோண்டுவாகளா ரோசி?"

ஈஸ்டர் வந்து தவக்காலம் முடிந்தது. மே, மாதா வணக்க மாதம் என்றார். ஜூன், திருஇருதய மாதம் என்றார். ஜூலைக்கு ஒன்றும் கிடைக்காமல் அவருக்கு முதுகுவலி வந்தது.

இப்போது ஆகஸ்ட். ரோஸ்மேரி இனி அவருக்காகக் காத்திருப்பதாக இல்லை. பூசையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் காண்ட்ராக்டர் கிளெமென்டுக்கு போன் போட்டாள். சாயங்காலமே அவன் பிளானைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவன் பைக் சத்தம் கேட்டதும் ஸ்டீபன்ராஜ், "ராத்திரிக்கு வெஞ்சனம் ஏதாச்சும் வாங்கியாறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்.

"அவரை விடு தம்பி. அவரு வந்தாலும் எந்தப் புனிதருக்காவது திருநாள் இருக்கும்பாரு. நீ சொல்லு."

கிளெமென்ட் பிளானை மேஜையில் விரித்தான். "நாளைக்கே ஜேசிபிய ஏத்தி மட்டம் தட்டிருவோம்க்கா. ஒரு மூலையில மட்டும் சதசதன்னு ஈரம். நாலு லோடு கல்லைக் கொட்டுனா அடங்கிரும். நீங்க இடத்தைப் பாத்திருப்பீங்கள்ல?"

"பாத்தேன், பாத்தேன்."

அவள் ஒரே தடவைதான் போனாள். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்துச் சோர்ந்து, கடைசிவரை காரை விட்டு இறங்கவில்லை.

"ஐரின் காட்டேஜை விட எம்புட்டு ஒசரம் வரும்?"

"ஒரு மாடி கூடவே வரும்க்கா."

ரோஸ்மேரி பிளானை ஆசையோடு தடவினாள். அப்போது யாரோ வாசலில் கூப்பிட்டார்கள்.

ஸ்வெட்டர் போட்ட ஒருவரும் அவர் மனைவியும் நின்றார்கள். திண்டுக்கல் வெயிலில் ஸ்வெட்டர். அவர் தோளில் ஒரு மூட்டை.

"வாத்தியார் வீடுதானுங்களா? நான் முத்துச்சாமி. உங்க மலை இடத்துக்குக் கீழதான் எங்க ஊரு. மகளுக்கு இங்க ஆஸ்பத்திரியில பிள்ளை பொறந்திருக்கு. அதான் அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போகலாம்னு."

மூட்டையை இறக்கினார். பேரிக்காய்.

அவர் மனைவி கண்ணம்மாள் நேரே வந்து ரோஸ்மேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் ரோஸ்மேரியம்மாவா? உங்களைக் கண்ணால பாக்கணும்னு எங்க ஊர்ப் பொம்பளைக அம்புட்டு பேருக்கும் ஆசை."

"என்னையா? எதுக்கு?"

"வாத்தியாரு எல்லாத்தையும் சொன்னாரு. 'எனக்கு வீடு கட்ட ஆசைதாம்மா, வீட்டுக்காரிதான் விடமாட்டேங்குறா. ஊத்தை மூடிக் கட்டுன வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா'ன்னாரு."

கிளெமென்ட் நிமிர்ந்து ரோஸ்மேரியைப் பார்த்தான். ரோஸ்மேரி எங்கேயும் பார்க்கவில்லை.

"இப்ப எங்க ஊருக்கே உங்க இடத்து மூலையில ஊறுற அந்த ஒரு ஊத்துதான். ஓஸ் பைப்பு போட்டு இழுத்துக் குடிக்கிறோம். ரோஸ்மேரி ஊத்துன்னுதான் பேரே."

"என் பேரா?"

"பின்ன? மேல இன்னொரு ஊத்து இருந்துச்சு. அது மேல காட்டேஜைக் கட்டி மூடிட்டாக. ஐரின் காட்டேஜுன்னு போர்டு போட்டிருக்கு."

அதைக் கட்டியவன் கிளெமென்ட்தான். அவன் மறுபடியும் பிளானுக்குள் குனிந்துகொண்டான்.

"அந்த ஐரின் யாருன்னு தெரியாது. ஆனா எங்க ஊர்ல அவுகளைத் திட்டாத ஆளு கிடையாது."

ரோஸ்மேரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தினமுமா?"

"காலையில கொடத்தைத் தூக்கும்போதே ஆரம்பிச்சிருவோம்."

"செத்த இருங்க, காபி போடுறேன்" என்று ரோஸ்மேரி எழுந்தாள்.

முத்துச்சாமி கிளம்பும்போது சொன்னார். "வாத்தியாரு மேல கோவப்படாதீங்க. ஆம்பளைக்கு வீடு கட்டுற ஆசை இருக்கத்தானே செய்யும். நீங்கதான் விட்டுக்குடுக்காம பாத்துக்கணும்."

"பாத்துக்கிறேன்" என்றாள் ரோஸ்மேரி.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். கிளெமென்ட் தொண்டையைச் செருமினான்.

"அக்கா, அப்ப நாளைக்கு ஜேசிபி?"

ரோஸ்மேரி மூட்டையை அவிழ்த்து, பழுத்த பேரிக்காய்களாகப் பொறுக்கினாள்.

"தவக்காலம் முடியட்டும் தம்பி."

"அக்கா, இது ஆகஸ்ட் மாசம்."

ரோஸ்மேரி மேஜையில் விரித்துக் கிடந்த பிளானின் நடுவில் பேரிக்காய்களை வைத்து, நாலு பக்கமும் மடக்கி, பொட்டலமாகச் சணல் போட்டுக் கட்டி அவன் கையில் கொடுத்தாள்.